முதலையெல்லாம் கிடையாது, மச்சான்

சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கேட்டதையெல்லாம் பொறுமையில்லாமல் திருத்திய என் அருமை மாப்பிள்ளைக்கு,

மாநாடு நல்லபடியாக முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆசையாகக் காத்திருந்த போர் வரலாற்று மாநாடு, பெரம்பலூர் டவுனுக்கு வெளியே இருக்கிற கல்லூரி மண்டபத்தில், இரண்டு நாளும் ஜேஜே என்று நடந்தது. டில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆயிரம் பேர் வந்திருந்தார்கள்.

சரி, ஆயிரம் இல்லை. நூற்றைம்பது இருக்கும். டில்லி என்றது ஒரே ஒருவர், அவருக்கும் சொந்த ஊர் லால்குடி. மீதியில் பாதி அந்தக் கல்லூரிப் பிள்ளைகள். வராவிட்டால் ஆப்சென்ட் என்று மிரட்டி உட்கார வைத்திருந்தார்கள். பார்த்தீர்களா, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நானே திருத்திக்கொண்டேன். இப்போது அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

உங்கள் பழைய மாணவர்கள் நடத்துகிற பத்திரிகையில் இந்தக் கடிதம் வரப்போகிறது. உங்கள் மகள் கயல்தான் எழுதச் சொன்னாள். படிப்பவர்களுக்கு நான் யாரென்று தெரிய வேண்டுமாம். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் மனைவி மல்லிகாவின் அண்ணன். ஊர் அரியலூர். எட்டாவது வரை படித்தேன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேன். பிறகு சொந்தமாக ஓர் ஆம்னி வேன் வாங்கினேன். நீங்கள் பெரம்பலூரில் வரலாற்று ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே பழைய சண்டை நடந்ததோ அங்கே போய் நிற்பது உங்கள் வழக்கம். கொண்டுபோய் நிறுத்துவது என் வழக்கம். ஊரில் மற்றவர்கள் பிள்ளைகுட்டியோடு முக்கொம்பு அணைக்குப் போவார்கள். நாம் மக்காச்சோளக் கொல்லை வரப்பில் நின்றுகொண்டு, படை எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். கொல்லைக்காரர்கள் நம்மை நிலம் வாங்க வந்த புரோக்கர்கள் என்று நினைத்துக்கொண்டு விலை சொல்வார்கள்.

வேன் சாவியைத் திருகியதும் நான் கதையை ஆரம்பிப்பேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே "அப்படி இல்ல மச்சான்" என்பீர்கள். நான் விடமாட்டேன். அடுத்த கதை முந்தினதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்கும் "அப்படி இல்ல மச்சான்". போய்ச் சேருவதற்குள் நான் கட்டிய கோட்டை முழுவதையும் நீங்கள் இடித்துவிட்டிருப்பீர்கள். நமக்குப் பொழுது அப்படித்தான் போயிற்று. வேறெப்படிப் போக்குவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ரஞ்சன்குடிக் கோட்டைச் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ள, ஒருவனுக்குப் பிரெஞ்சுக்காரன் துணை, இன்னொருவனுக்கு இங்கிலீஷ்காரன் துணை. நான் சொன்னால் யானைகள் பிளிறும், அகழியில் ரத்தம் கரைபுரளும். நீங்கள் சொன்னால், கோட்டையில் இருந்த அதிகாரி யார் பக்கம் சேருவது என்று சொல்லாமல் இரண்டு பக்கத்துக்கும் நல்ல வார்த்தை சொல்லி நாளைக் கடத்தினான். சண்டை மூண்டதும் இங்கிலீஷ் படை பயந்துபோய்த் தெற்கே ஓடியது. முடிந்தது. "இதுக்கா பெட்ரோல் போட்டு வந்தோம்?" என்று நான் கேட்டேன். "ஓடினதும் வரலாறுதான் மச்சான்" என்றீர்கள். அவர்கள் ஓடிய வழியைத்தான் இத்தனை வருஷமாகத் தேடி, அதைத்தான் மாநாட்டுக்குக் கட்டுரையாக எழுதி வைத்தீர்கள். வாசிக்க இருக்கவில்லை.

நீங்கள் போனபோது மல்லிகா அழுதாள். கயல் அழுதாள். நான் பந்தலுக்குச் சொன்னேன், ஐஸ்பெட்டி வரவழைத்தேன், பிறந்த வீட்டுக் கோடி எடுத்து வந்து தங்கச்சிக்குப் போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தேன். அழுகை மட்டும் வரவில்லை. பதினாறுக்குள் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் இருக்கிறது என்கிறேன். உண்மையில் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள், தங்கராசு தைரியமான ஆள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆமாம் என்று நானும் சொல்கிறேன்.

மல்லிகா மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஐப்பசி மழையில் நாம் இரண்டு பேரும் ரஞ்சன்குடிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், வேன் முன்சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே நீங்கள் போய்விட்டீர்கள் அல்லவா. கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறாள். உன் பேரைத்தான் சொன்னார் என்று ஒருநாள் சொன்னேன். கயலுக்கு நல்ல இடமாகப் பார்க்கச் சொன்னார் என்று இன்னொரு நாள். முருகா என்றார் என்று ஒருநாள். நீங்கள் எந்தக் காலத்தில் முருகா என்றீர்கள்? அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். பத்து நாள் கழித்து வந்து மறுபடி கேட்கிறாள்.

மாநாட்டுக்கு வருவோம்.

உங்கள் கட்டுரையைக் கயல் வாசிப்பது என்று முடிவாயிற்று. முதல் நாள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிச் சண்டை நடந்த இடங்களைக் காட்ட வேண்டும். உங்களை விட்டால் அந்த இடமெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கல்லூரி முதல்வரே வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினார். போனில்தான் கேட்டார். ஆனால் மரியாதையாகக் கேட்டார்.

மாநாட்டை முன்னின்று நடத்தியது சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அம்மா. பெரம்பலூருக்குத்தான் ரயில் கிடையாதே, அரியலூரில் இறங்கினார்கள். நான் வேனோடு போனேன். ஸ்டேஷன் வாசலில் தரை கொஞ்சம் இறக்கம். நம் வேன் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாதென்பது உங்களுக்குத் தெரியும். வழக்கம்போல அந்தக் கல்லை எடுத்துப் பின் டயருக்கு வைத்தேன்.

அந்தக் கல்லைப் பற்றிப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேங்காய்க்குக் கொஞ்சம் பெரிது. உருண்டை, ஒரு பக்கம் மட்டும் தட்டை. உங்களுக்குக் கல்யாணமான புதிதில், அரியலூர்ச் சுரங்கத்தில் லாரி லோடில் கிடந்ததை எடுத்து வந்து, ரஞ்சன்குடிப் பீரங்கிக் குண்டு மாப்பிள்ளை என்று உங்கள் கையில் கொடுத்தேன். புது மாப்பிள்ளை, சிரித்து வாங்கிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, குண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்குமா மச்சான் என்றீர்கள். கோட்டைச் சுவரில் மோதித் தட்டையாகிவிட்டது என்றேன். அப்போதும் நீங்கள் சிரிக்கவில்லை. இது கடல் இருந்த காலத்துக் கல், அரியலூர் முழுக்க ஒரு காலத்தில் கடல், இதற்கு அந்தக் கோட்டையைவிட வயது கூட என்றீர்கள். வெளியே எறியவும் இல்லை. வேன் வாங்கியதும் தட்டைப் பக்கம் தரையில் அழுந்த டயருக்கு வைக்க அது வசதியாக இருந்தது. இத்தனை வருஷமும் எந்தச் சண்டைக்குப் போனாலும் அது நம்மோடு வந்தது.

பேராசிரியர் அம்மா முன்சீட்டில் ஏறினார்கள். உங்கள் சீட்டில். அந்த நேரத்தில் எனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் போட்டுக்குங்கம்மா என்றேன். வண்டியை எடுத்ததும் பழக்கதோஷம், கதையை ஆரம்பித்தேன். ரஞ்சன்குடியில் யானைப்படை போன தடம் இன்னும் பாறையில் இருக்கிறது என்றேன்.

"அப்படிங்களா ஐயா? இது எங்கயும் பதிவாகலையே" என்று எழுதிக்கொண்டார்கள்.

எனக்குத் திடுக்கென்றது. எதிரே லாரி வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் டயருக்கு வைத்தீர்களே, அது என்ன கல் என்று கேட்டார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது மாப்பிள்ளை. கோட்டைப் பீரங்கிக் குண்டு, எங்கள் மாப்பிள்ளை அகழி ஓரத்தில் கண்டெடுத்தது. சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து "அப்படி இல்ல மச்சான்" வரவில்லை. அந்த அம்மா அதை டயருக்கெல்லாம் வைக்காதீர்கள் ஐயா என்று பதறி, தன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். கல் குண்டு பழைய காலத்தில் உண்டாம். ஆராய்ந்துதான் சொல்ல வேண்டுமாம். அவர்கள் ஜாக்கிரதையாகத்தான் பேசினார்கள். கல்லூரிக்காரர்கள்தான் பிறகு அவசரப்பட்டுவிட்டார்கள்.

முதல் நாள் பஸ்ஸில் என் கையில் மைக். ரஞ்சன்குடியில் மேலே ஏற்றி நிறுத்தி, பிரெஞ்சுப் படை இங்கே, இங்கிலீஷ் படை அங்கே என்று காட்டினேன். அதுவரை எல்லாம் நீங்கள் சொன்னது. அதற்குமேல் நான் சொன்னது. பிறகு அவர்கள் ஓடிய வழியே தெற்கே பஸ்ஸை விட்டோம். வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூரில் காளி கோயில் கூட்டம், பஸ் நகரவில்லை. அந்த நேரத்தைப் போக்கத் தளபதி ஒருவனுக்கு ஒரு காதலியை உண்டாக்கினேன். ரிட்டையர்டு ராணுவ அதிகாரி ஒருவர் எனக்கு சல்யூட் அடித்தார். வெயிலுக்குக் கையை மறைத்தாரோ என்னவோ, எனக்கு சல்யூட் மாதிரிதான் இருந்தது.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. இப்படி ஒரு கூட்டம் கிடைக்காதா என்று எத்தனை நாள் உங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். கிடைத்தது. பொய் சொல்வது இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரும் எதிர் ஆடாமல் தனியாகத் தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் மைக்கைக் கொடுத்துவிட்டுக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டபத்துக்குள் நுழைந்தால், வாசலிலேயே மேசை போட்டுச் சிவப்பு வெல்வெட் விரித்து, உங்கள் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால் நம் கல். சோப்பு போட்டுக் கழுவியிருந்தார்கள். முன்னால் ஓர் அட்டை. 'அமரர் செல்வராசு ஆசிரியர் கண்டெடுத்த ரஞ்சன்குடிப் பீரங்கிக் குண்டு.' மத்தியானம் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள் என்றார்கள். மாநாட்டு மலருக்கும் அதுதான் அட்டைப்படமாம்.

மல்லிகா அந்த மேசையை விட்டு நகரவில்லை. எத்தனை ஞாயிறு நம்மைத் திட்டியிருப்பாள். சகதிக் காலோடு வீட்டுக்குள் வருகிறோம் என்று, கறிக்குழம்பு ஆறிப்போகிறது என்று. இப்போது அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வெல்வெட் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். வாரா வாரம் தூசியும் கிரீசுமாக டயருக்கடியில் பார்த்த கல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இந்த மனுசன் அலைஞ்ச அலைச்சலுக்கு ஒண்ணாவது கெடச்சுதே அண்ணே" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் யாரும் சொல்லாமல் தட்டு எடுத்துப் போய், பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன். நல்லது செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

கயல் வந்தாள். கல்லைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், என்னைத் தூணோரம் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா, இது நம்ம வேன் டயருக்கு வைக்கிற கல்லுதானே?"

மெதுவாகப் பேசும்மா என்றேன்.

"கழுவிட்டா தெரியாதா? அந்த மூளி சின்னப் புள்ளையில நான் சுத்தியால தட்டினது."

அப்பாவுக்கு நல்ல பேர்தானேம்மா வருகிறது, அம்மா முகத்தைப் பார், இன்றைக்கு ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். அவள் உங்கள் மாதிரியே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு பேருதான் மாமா. தெரியாதத எழுத மாட்டாருன்னு. அத எடுத்துக்கிட்டு இந்தக் கல்லக் குடுக்குறீங்க."

அட்டைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க மேடையில பேசினதும் நான் கட்டுரை வாசிக்கணும். அந்த அட்டை அங்க இருக்கையில அப்பா எழுதினத என்னால வாசிக்க முடியாது. நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிட்டு வாசிக்கிறேன்."

அவள் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பெற்ற தாய்க்குக் கிடைத்த ஒன்றை மகளே பிடுங்கின மாதிரி ஆகும். நான் சொன்னால் என் பேர் போகும். என் பேர் என்ன பேர். அப்படி யோசித்தேனே ஒழிய, மனசில் பயமோ வெட்கமோ ஒன்றும் இல்லை. வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று யோசிக்கிற மாதிரிதான் இருந்தது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள். என் ஆயுசில் ஆசைப்பட்ட மேடை. முன் வரிசையில் மல்லிகா, அவளுக்குப் பக்கத்தில் பேராசிரியர் அம்மா. மைக்கைப் பிடித்ததும் வாய் பழைய வழியிலேயே போயிற்று. உங்களையும் என்னையும் கோட்டை மதில்மேல் ஏற்றினேன். இடி இடித்தது, மின்னல் வெட்டியது, மின்னல் வெளிச்சத்தில் அகழி ஓரம் நீங்கள் எதையோ பார்த்தீர்கள். மண்டபம் மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளை குனிந்தார், கையை விட்டார், எடுத்தார் என்று சொல்லி நிறுத்தினேன்.

அந்த இடத்தில் நீங்கள் பேச வேண்டும். எப்போதும் அங்கேதான் பேசுவீர்கள். நான் காத்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது.

அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. ஐப்பசியில் வேனுக்குள் கேட்டது. அன்றைக்கு மழை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டையிலிருந்து திருச்சி வரைக்கும் பூமிக்கடியில் சுரங்கம் இருக்கிறது, அதில் குதிரை வண்டி போகும், நானே பாதி தூரம் போயிருக்கிறேன் என்று சொன்னேன். இவ்வளவு பெரிய பொய்யை நீங்கள் ஒருநாளும் திருத்தாமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டீர்கள். தூங்குகிறார் என்று நினைத்தேன். வாலிகண்டபுரம் பிரிவு தாண்டி, உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒன்று சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் வண்டியை ஓரம் கட்டினேன். உங்களைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேடையில் அது மறுபடி கேட்டபோது நான் சொன்னேன். அப்படி இல்லீங்க. மைக்கில் என் குரலிலேயே அது வந்தது.

"அப்படி இல்லீங்க. அது குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அரியலூர் சொரங்கத்துக் கல்லு. லாரியிலேந்து நான் எடுத்தாந்தது. மாப்பிள்ளை கண்டெடுக்கல. அவரு மொத நாளே இது குண்டு இல்லைன்னுட்டாரு."

பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். முதல்வர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மல்லிகாவைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசல் மேசைப் பக்கம் திரும்பியிருந்தாள். பேராசிரியர் அம்மா எழுந்து போய்க் கல்லை எடுத்துத் தட்டைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். கோபிப்பார்கள் என்று நினைத்தேன்.

"சார் இதைப் பத்தி என்னதான் சொன்னார் ஐயா?" என்று கேட்டார்கள்.

"கடல் இருந்த காலத்துக் கல்லுன்னாருங்க. நம்ம பக்கமெல்லாம் கடலாயிருந்துச்சாம்."

"நீங்க நம்பினீங்களா?"

"இல்லீங்க. அது என் பொய்ய விடப் பெரிய பொய்யா இருந்துச்சு."

மண்டபமே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார்கள். பிறகு அட்டையை எடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேற்று பஸ்ஸில் ஐயா சொன்னதில் எதெது சார் சொன்னது என்று தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்கள். அது எனக்கு அவமானம்தான். உறைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அப்படியே உட்கார வைத்து, யானைத் தடம், தளபதியின் காதலி, எல்லாவற்றையும் தன் நோட்டில் ஒவ்வொன்றாக அடிக்க வைத்தார்கள்.

நான் மேடையை விட்டு இறங்கியதும் கயல் உங்கள் கட்டுரையை வாசித்தாள். பத்திக்குப் பத்தி, இதற்கு ஆதாரமில்லை, இது ஊரார் சொல்வது, இதை நான் நேரில் பார்க்கவில்லை என்று வந்துகொண்டே இருந்தது. முன்பு நீங்கள் எழுதி என்னிடம் படித்துக் காட்டியபோது, இப்படி எழுதினால் எவன் படிப்பான் என்று கேட்டேன். மண்டபத்தில் ஒருத்தர் எழுந்து போகவில்லை. பிள்ளைகள்கூட. கடைசியில் கை தட்டினார்கள். இது நிஜம், நான் கூட்டிச் சொல்லவில்லை.

மத்தியானம் வேனை எடுத்தேன். கல்லை அந்த அம்மாவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கயல் பின்னால் ஏறினாள். மல்லிகா முன்சீட்டில் ஏறினாள். நீங்கள் போனதிலிருந்து அவள் அதில் உட்கார்ந்ததில்லை. காலுக்கடியில் கல் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளவும் இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். கல்லூரி கேட் தாண்டியதும் சொன்னாள்.

"அத்தன பேரு முன்னால நெசத்தச் சொல்லிட்டேல்ல அண்ணே. எங்கிட்டயும் சொல்லு. கடசியா என்ன சொன்னாரு?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். நல்லதாக ஒன்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் நீங்கள் சொன்னது ஒன்றுதான். அன்றைக்கு மழையில் அகழி நிறையத் தண்ணீர் நின்றது. கிளம்பும்போது நான், இந்த அகழி நிறைய முதலை விட்டிருந்தார்கள், எதிரிப் படையில் பாதியை அதுதான் தின்றது என்று சொன்னேன். அதற்கு நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்ன மாதிரியே, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"முதலையெல்லாம் கிடையாது மச்சான்."

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். பின்னால் கயல் மூச்சு விடுவது கேட்டது.

"முதலையா?"

"ஆமா."

"கெடையாதுன்னாரா?"

"கெடையாதுன்னுதான் சொன்னாரு. அப்புறம் பேசல."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பெரம்பலூர்ப் பாலக்கரை வரும்வரை தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருதான்" என்றாள். "அவரேதான். இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன். வீடு வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். கடைசித் தடவை, "அவரு அவ்ளோ இழுக்க மாட்டாரு, வெடுக்குனு சொல்லுவாரு" என்று என்னைத் திருத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த இடத்தில் நானும் அழுதேன் என்று எழுதினால் கடிதம் நன்றாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன். அழவில்லை மாப்பிள்ளை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன், கல்லை எடுத்துப் பின் டயருக்கு வைத்தேன். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

மல்லிகா ஒன்று கேட்டிருக்கிறாள். வரும் ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். உடையார்பாளையம் பக்கம் நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லிக் கேட்டதில்லை என்று கயல் சிரிக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னால் அதுவே பொய். கதையை விடமாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பேன். அது உங்கள் இடம். அங்கே நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். எனக்குத் தப்பினாலும் முன்சீட்டில் இருக்கிறவள் விடமாட்டாள்.

திருத்த ஆளில்லாமல் பாதியில் நிற்கிற கதைகளோடு,

உங்கள் மல்லிகாவின் அண்ணன்,
தங்கராசு மச்சான்,
அரியலூர்.